பிபி சரி, சாச்சுரேஷன் சரி, லாக்டேட் மட்டும் ஏறுகிறது

ராத்திரி ட்யூட்டியில் புற்றுநோய் வார்டிலிருந்து வரும் போன்களில் ஒரு வகை உண்டு. "சார், பேஷண்ட் ரொம்ப மூச்சு வாங்குறார். ஆனா சாச்சுரேஷன் 98 இருக்கு, எக்ஸ்ரே கிளியர், பிபியும் ஓகே." பயத்தில்தான் இப்படி மூச்சு விடுகிறாரோ, தூங்க ஏதாவது கொடுக்கலாமா என்றும் கூடவே கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஏபிஜி (தமனி ரத்தப் பரிசோதனை) எடுத்தீர்களா, அதில் லாக்டேட் (குளுக்கோஸ் உடையும்போது உண்டாகும் பொருள்) எவ்வளவு?

நான் ஐசியுவில் வேலை பழகிய பொது மருத்துவன். சில வருடங்களாகப் பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய், லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) நோயாளிகளைத்தான் பார்க்கிறேன். லாக்டேட் ஏறினால் செப்சிஸ் (உடம்பையே பாதிக்கும் கிருமித்தொற்று), செப்சிஸ் என்றால் சலைன் என்று ஐசியுவில் கை தானாக ஓடும். புற்றுநோய் வார்டிலும் பல நேரம் அதுவே சரி. கீமோ முடிந்து வெள்ளணுக்கள் விழுந்து கிடப்பவருக்குக் காய்ச்சலோடு லாக்டேட் ஏறினால், ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போட்டு யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் அந்தக் கணக்கில் அடங்காத நோயாளிகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இளம் டாக்டர்களையும் நர்ஸ்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். நோயாளியின் வீட்டாரும் படிக்கலாம். மருந்து அளவுகள் மட்டும் உங்களுக்கானவை அல்ல, அவை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கானவை.

லாக்டேட் விஷம் இல்லை. நம் உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1500 மில்லிமோல் லாக்டேட்டைத் தயாரிக்கிறது. அதில் பெரும்பகுதியைக் கல்லீரலும், மீதியில் கணிசமான பங்கைச் சிறுநீரகமும் எடுத்து மறுபடி குளுக்கோஸாக்கியோ எரித்தோ முடித்துவிடுகின்றன. அதனால்தான் ரத்தத்தில் அது 2 மில்லிமோலுக்குக் கீழே நிற்கிறது. 4-க்கு மேல் போய், ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச்சும் 7.35-க்குக் கீழே இறங்கினால் லாக்டிக் அசிடோசிஸ் என்கிறோம். அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எங்கே இவ்வளவு உண்டாகிறது, ஏன் வெளியேறவில்லை? புற்றுநோயில் பெரும்பாலும் இரண்டுக்குமே பதில் இருக்கும். கட்டி உற்பத்தி செய்கிறது. கட்டி பரவிய கல்லீரலால் அதை அகற்ற முடியவில்லை.

கோஹன், வுட்ஸ் இருவரும் 1976-இல் இதை ஏ, பி என்று இரண்டாகப் பிரித்தார்கள். திசுக்களுக்கு ரத்தமோ ஆக்சிஜனோ போதாமல் வருவது ஏ. ரத்த ஓட்டம் சரியாக இருந்தும் வருவது பி. புற்றுநோய், கல்லீரல் நோய், மருந்துகள், தயமின் (விட்டமின் பி1) குறைபாடு எல்லாம் பி-யில் அடங்கும். புத்தகத்தில் இரண்டுக்கும் நடுவே கோடு தெளிவாக இருக்கும். கட்டிலில் இரண்டும் கலந்தே கிடக்கும். லிம்போமாவால் லாக்டேட் 6 இருந்தவருக்கு மேலே நிமோனியாவும் வந்து 10 ஆகும்.

கட்டி ஏன் லாக்டேட்டைத் தயாரிக்கிறது என்பதற்கு ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே வழி காட்டினார். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் லாக்டேட்டாக மாற்றித் துப்புகின்றன. முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி (செல்லுக்கான ஆற்றல்) கிடைக்கும், இந்தக் குறுக்கு வழியில் 2 மட்டுமே. அதனால் குளுக்கோஸை வாரி வாரி இழுக்க வேண்டியிருக்கிறது. பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவதும் இதே பசியால்தான். வேகமாகப் பெருகும் லிம்போமா, லுகேமியா இரண்டிலும் இதை அதிகம் பார்க்கிறோம். திடக் கட்டிகளில் அரிது. வந்தால் பெரும்பாலும் கல்லீரல் நிறையப் பரவியிருக்கும்.

நாற்பதுகளில் இருந்த ஒருவரைச் சொல்கிறேன். வயிறு முழுக்க நிணநீர்க் கட்டிகள், கல்லீரல் விலாவுக்குக் கீழே ஒரு கையகலம் இறங்கியிருந்தது, செல்கள் உடைவதைக் காட்டும் நொதியான எல்டிஹெச் ஆயிரக்கணக்கில். லாக்டேட் 8 என்று வந்ததும் வேறோர் இடத்தில் செப்சிஸ் முறைப்படி லிட்டர் லிட்டராக சலைன் ஏற்றிவிட்டு எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். வரும்போது லாக்டேட் 11. காலில் நீர் கட்டியிருந்தது, நுரையீரலின் அடியில் கரகரப்பு. கையைத் தொட்டால் கதகதப்பாக இருந்தது. சிறுநீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. விரல் நுனியைப் பத்து விநாடி அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பியது. மூன்று விநாடிக்கு மேல் ஆனால்தான் ரத்த ஓட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். லாக்டேட்டைத் துரத்துவதா, விரல் நுனியைப் பார்த்து சலைன் கொடுப்பதா என்று செப்டிக் ஷாக்கில் ஒப்பிட்ட ஆன்ட்ரோமெடா ஷாக் ஆய்வு 2019-இல் வந்தது. விரல் நுனியைப் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அதில் மோசமாக எதுவும் நேரவில்லை. காசில்லாத இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் மூன்றாவது லிட்டரைத் தொங்கவிடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

அவரிடம் இன்னொரு விசித்திரமும் இருந்தது. குளுக்கோமீட்டரில் சர்க்கரை 42. அவரோ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை, குழப்பமும் இல்லை. கருவி பழுது என்று நினைத்து நர்ஸ் இரண்டு முறை மாற்றிப் பார்த்தார். லேபிலும் அதே அளவுதான். கட்டி குளுக்கோஸை உறிஞ்சிக்கொள்கிறது, மூளை அந்த இடத்தில் லாக்டேட்டை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. வேக வேகமாகப் பெருகும் லிம்போமாவில் இந்தக் காட்சி பலராலும் பதிவு செய்யப்பட்டது. இங்கே எண்ணைப் பார்த்து 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸைக் கொட்டினால் கட்டிக்குத்தான் விருந்து. சர்க்கரை அரை மணி நேரம் நிமிரும், லாக்டேட் இன்னும் ஏறும். அறிகுறி இல்லாதவருக்கு நாங்கள் மெதுவாக, கொஞ்சமாகத்தான் கொடுக்கிறோம். மயக்கமோ வலிப்போ வந்தால் கதை வேறு, அப்போது தயங்காமல் கொடுத்தாக வேண்டும்.

இவருக்கு வேண்டியிருந்தது கட்டியை அடக்கும் மருந்து. மற்றதெல்லாம் அதுவரை தாக்குப்பிடிக்க வைக்கும் ஏற்பாடு. இந்த இடத்தில்தான் நேரம் வீணாகும். "அசிடோசிஸ் சரியாகட்டும், அப்புறம் கீமோ ஆரம்பிக்கலாம்" என்று ஒரு தரப்பு சொல்லும். கீமோ ஆரம்பிக்காமல் இந்த அசிடோசிஸ் சரியாகாது. லிம்போமா சந்தேகம் இருந்தால் ஸ்டீராய்டு போடும் முன் திசு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பயாப்ஸியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் அதற்காக அடுத்த வாரத் தேதி வாங்கக் கூடாது, அன்றைக்கே கழுத்திலோ அக்குளிலோ கை எட்டும் கட்டியில் எடுக்க வேண்டும். அவருக்கு மதியம் பயாப்ஸி, சாயங்காலம் ஸ்டீராய்டு. முழு கீமோவின் அளவை அவருடைய கல்லீரலுக்கு ஏற்ப ரத்தவியல் குழு முடிவு செய்தது. இரண்டாம் நாளில் லாக்டேட் இறங்க ஆரம்பித்தது.

அது இறங்கும்போதே யூரிக் அமிலம், பாஸ்பேட், பொட்டாசியம் மூன்றும் ஏறும். கட்டி உடைவதன் விலை அது. ஆகவே ஸ்டீராய்டுக்கு முன்பே யூரிக் அமிலத்தைக் குறைக்கும் ராஸ்பூரிகேஸ் கையில் இருக்கிறதா, ஜி6பிடி என்ற நொதியின் அளவைப் பார்த்தாயிற்றா என்று கேட்டுவிட வேண்டும். ஜி6பிடி குறைபாடு உள்ளவருக்கு ராஸ்பூரிகேஸ் ரத்த அணுக்களை உடைத்துவிடும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை லாக்டேட், பொட்டாசியம், பாஸ்பேட் என்று ஒரே தாளில் அருகருகே எழுதிக்கொண்டால் எது எப்போது திரும்பியது என்று கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது தயமின். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுவேன், ஏனென்றால் மேலே சொன்ன கதையில் முடிவு நம் கையில் இல்லை, இதில் இருக்கிறது. குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட்டை எரிக்கும் பாதைக்குள் அனுப்பும் நொதிக்குத் தயமின் தேவை. அது இல்லாவிட்டால் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தாலும் பைருவேட் லாக்டேட்டாகத்தான் மாறும். உடம்பின் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். 1997-இல் அமெரிக்காவில் நரம்பு வழிச் சத்துணவில் சேர்க்கும் மல்டிவிட்டமினுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அது இல்லாமல் சத்துணவு பெற்ற நோயாளிகளுக்கு லாக்டிக் அசிடோசிஸ் வந்தது பதிவாகியிருக்கிறது. தட்டுப்பாடு இல்லாத இடத்திலும் எழுத மறந்தால் அதேதான் நடக்கும்.

வயிற்றுப் புற்றுநோயோடு வந்த ஒரு அம்மா. "மூணு வாரமா எதுவுமே இறங்கல டாக்டர், தண்ணி குடிச்சாக்கூட வாந்தி" என்றார் கணவர். வேறு இடத்தில் டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்ஸ் ஓடியிருக்கிறது, பிறகு நரம்பு வழிச் சத்துணவு. விட்டமின் சேர்த்ததாகச் சீட்டில் எங்கும் இல்லை. லாக்டேட் 9, கல்லீரல் சுத்தம், காய்ச்சல் இல்லை, சிடியில் குடல் நன்றாக இருந்தது. பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் கண்கள் லேசாகத் துடித்தன. தயமின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு முடிவு வர நாட்கள் ஆகும், அதற்காகக் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. மாதிரியை எடுத்து வைத்துவிட்டு 500 மில்லிகிராம் தயமினை அரை மணி நேர டிரிப்ஸாக ஏற்றினோம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொடரச் சொன்னோம். அன்று ராத்திரிக்குள் லாக்டேட் 3. அந்த அம்மாவுக்கு அமிலத்தை முறிக்கும் பைகார்பும் (சோடியம் பைகார்பனேட்) வேண்டியிருக்கவில்லை, டயாலிசிஸும் வேண்டியிருக்கவில்லை.

ஆகவே எங்கள் வார்டில் ஒரு பழக்கம். காரணம் தெரியாத லாக்டேட் என்றால் தயமின் முதல் மணி நேரத்திலேயே போய்விடும், டெக்ஸ்ட்ரோஸுக்கு முன்னால். ஒவ்வாமை மிக அரிது, விலை ஒரு பொருட்டே இல்லை. தேவையில்லாதவருக்குப் போட்டால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும், தேவைப்பட்டவருக்குப் போடாவிட்டால் இதயமும் மூளையும் கெடும். கூடவே மெக்னீசியத்தைப் பார்க்க வேண்டும். தயமின் வேலை செய்ய மெக்னீசியம் வேண்டும், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து வாங்கியவர்களுக்கும் வயிற்றுப்போக்கு நிற்காதவர்களுக்கும் அது பெரும்பாலும் குறைந்திருக்கும். தயமின் போட்டும் அசையவில்லை என்று கைவிடும் முன் இதைச் சரிசெய்ய வேண்டும்.

மருந்துச் சீட்டை ஒருமுறை வரி வரியாகப் படியுங்கள். மெட்ஃபார்மின் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். வாந்தியால் நீர் வற்றி, க்ரியேட்டினின் ஏறி, அதன் மேல் சிடிக்காகக் கான்ட்ராஸ்டும் போட்ட சர்க்கரை நோயாளியிடம் அதைத்தான் முதலில் தேட வேண்டும். லினசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக் நினைவுக்கு வராது. வாரக்கணக்கில் ஓடும்போது அது மைட்டோகாண்ட்ரியாவின் புரத உற்பத்தியையே தடுக்கிறது. தட்டணுக்கள் குறைவது கீமோவால் என்று எண்ணியிருப்போம், லாக்டேட்டும் சேர்ந்து ஏறினால் லினசோலிட்டை மாற்றிவிட்டுப் பார்ப்பது நல்லது. அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால். அசிடோசிஸால் மூச்சு வாங்குபவருக்கு வீசிங் என்று நினைத்து நெபுலைசர் வைப்பார்கள். சால்பியூட்டமாலே லாக்டேட்டை ஏற்றும், மூச்சு இன்னும் வாங்கும், இன்னொரு நெபுலைசர் ஏறும். ஸ்டெதஸ்கோப்பில் வீசிங் கேட்டால் மட்டும் வையுங்கள்.

வந்த எண்ணையே சந்தேகிக்க வேண்டிய நேரமும் உண்டு. வெள்ளணுக்கள் லட்சத்தைத் தாண்டிய லுகேமியாவில், ரத்தம் குழாயில் இருக்கும்போதே அணுக்கள் குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டை ஏற்றிவிடும். ஐஸில் வைத்து உடனே இயந்திரத்தில் போட்டால் ஓர் எண் வரும், கவுண்டரில் அரை மணி நேரம் கிடந்தால் வேறொன்று வரும். கையை இறுகக் கட்டி, நோயாளியை முஷ்டி மடக்கி மடக்கி விடச் சொல்லி எடுத்த ரத்தமும் இப்படித்தான். அனயான் இடைவெளி (ரத்த உப்புகளின் கணக்கிலிருந்து, சேர்ந்திருக்கும் அமிலத்தைக் காட்டும் எண்) சாதாரணமாக இருக்கிறதே என்று நிம்மதி அடைவதும் ஆபத்து. புற்றுநோயாளிகளுக்கு ஆல்புமின் குறைந்திருக்கும். 4-இலிருந்து ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் 2.5 கூட்ட வேண்டும். ஆல்புமின் 2, இடைவெளி 14 என்றால் உண்மையில் அது 19.

பைகார்ப் பற்றிச் சண்டை ஓயாது. என் கட்சி இது: கட்டியால் வரும் அசிடோசிஸில் அது சில மணி நேரத்தை வாங்கித் தரும், அதற்கு மேல் எதுவும் இல்லை. பிஹெச் உயர்ந்தால் குளுக்கோஸை உடைக்கும் நொதிகள் இன்னும் வேகமெடுத்து லாக்டேட் உற்பத்தியே கூடலாம். கார்பன் டை ஆக்சைடு கூடும், அதை வெளியே தள்ள நோயாளிக்குத் தெம்பு இருக்க வேண்டும். அயனிக் கால்சியம் இறங்கும், சோடியமும் நீரும் ஏறும். பிஹெச் 7.2-க்கு மேல் இருந்தால் நான் தொடுவதில்லை. அதற்குக் கீழே இறங்கி, சிறுநீரகமும் கெட்டிருந்தால் யோசிப்பேன். தீவிர அசிடோசிஸ் நோயாளிகளிடம் 2018-இல் வெளியான பைகார் ஐசியு ஆய்வில் மொத்தமாகப் பலன் தெரியவில்லை, சிறுநீரகம் பாதித்தவர்களிடம் மட்டும் பலன் இருப்பது போலத் தெரிந்தது. பின்னர் அப்படிப்பட்டவர்களை மட்டுமே சேர்த்து நடத்திய அடுத்த ஆய்வில் உயிரிழப்பு குறையவில்லை, டயாலிசிஸ் தேவை மட்டும் குறைந்தது.

டயாலிசிஸும் இதே வகைதான். தொடர் டயாலிசிஸ் ஓடும்போது லாக்டேட்டின் ஒரு சிறு பகுதிதான் வெளியேறும், கட்டி அதைவிட வேகமாக உற்பத்தி செய்யும். பொட்டாசியம், நீர், யூரிக் அமிலம் இவற்றுக்காக வைக்கலாம், கீமோ வேலை செய்யும்வரை பிஹெச்சைத் தாங்கவும் வைக்கலாம். கல்லீரல் கெட்டவருக்கு, ரத்தம் உறையாமலிருக்கச் சிட்ரேட் போட்டு ஓட்டினால் அது உடைபடாமல் தேங்கும், கவனம். ரிங்கர் லாக்டேட் பெயரைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. அதில் இருப்பது சோடியம் லாக்டேட், அமிலம் இல்லை. கல்லீரல் முழுக்க நோய் பரவியவருக்கு மட்டும் நான் தவிர்க்கிறேன். மற்றபடி சாதாரண சலைனைக் கொட்டி குளோரைடு அசிடோசிஸையும் சேர்த்துக்கொள்வதைவிட அது மேல்.

இனி வென்டிலேட்டர். அந்த ராத்திரி போனில் கேட்ட மூச்சு வாங்கலைத் தூக்க மருந்தால் அடக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பிஹெச் 7.15, கார்பன் டை ஆக்சைடு 18 என்றால் பைகார்ப் 6 அளவில்தான் இருக்கும். நிமிடத்துக்கு 36 முறை ஆழமாக மூச்சு விட்டுத்தான் அவர் அந்த 7.15-ஐப் பிடித்து வைத்திருக்கிறார். மருந்து கொடுத்துக் குழாய் போட்டு, பழக்கத்தில் இயந்திரத்தின் வேகத்தை நிமிடத்துக்கு 14 என்று வைத்துவிட்டால் கார்பன் டை ஆக்சைடு 40-க்குப் போகும், பிஹெச் 6.8-க்கு விழும். குழாய் போட்டே ஆக வேண்டும் என்றால், கைதேர்ந்தவர் போட வேண்டும். அவர் தானாக விட்ட வேகத்துக்கு நெருக்கமாக இயந்திரத்தை வைக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மறுபடி ஏபிஜி.

வீட்டாரோடு பேசுவது தனி வேலை. "அந்த ஆசிட்டை மட்டும் எடுத்துட முடியாதா டாக்டர்?" என்று கேட்பார்கள். "எடுக்கலாம், ஆனா கட்டி இருக்கிறவரைக்கும் மறுபடி சேரும். கட்டிக்கு மருந்து இருக்கா இல்லையாங்கறதுதான் கேள்வி" என்று நேராகச் சொல்கிறேன். முதல்முறை வந்த லிம்போமா என்றால் முயற்சிக்கு நிறைய அர்த்தம் இருக்கிறது, ஆபத்தையும் சொல்லிவிட்டு வேகமாகப் போகிறோம். எல்லா மருந்தும் பார்த்து முடிந்த, கல்லீரல் நிறைந்த நோயில் இதே அசிடோசிஸ் வந்தால் மிச்சமிருப்பது பெரும்பாலும் நாட்கள்தான். அங்கே பைகார்ப் டிரிப்ஸும், மணிக்கொரு முறை தமனியில் குத்தி ரத்தம் எடுப்பதும் நோயாளிக்கு எதையும் தருவதில்லை. மூச்சு வாங்கலை மருந்தால் அடக்காதீர்கள் என்று மேலே எச்சரித்தேன், ஆனால் இங்கே மார்பின்தான் சரியான மருந்து. மூச்சு விட அவர் படும் சிரமம் குறைய வேண்டும், அவ்வளவுதான் குறிக்கோள். இரண்டு நோயாளிகளும் பார்க்க ஒரே மாதிரி இருப்பார்கள். ஆகவே யாருக்கு எது என்ற முடிவு பகலிலேயே எடுக்கப்பட்டு கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ராத்திரி ட்யூட்டி டாக்டரின் தலையில் அதைக் கட்டக் கூடாது.

தப்பி வீட்டுக்குப் போகிறவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "லாக்டிக் அசிடோசிஸ், குணமானது" என்று மட்டும் எழுதினால் அடுத்து பார்ப்பவருக்கு உதவாது. காரணம் என்ன என்று எழுத வேண்டும். மெட்ஃபார்மினை யார், எப்போது, எந்த க்ரியேட்டினினில் மறுபடி தொடங்கலாம் என்பதையும், தயமின் மாத்திரை எதுவரை என்பதையும் எழுத வேண்டும். லிம்போமாவால் வந்தது என்றால், கட்டி திரும்பும்போது இதுவும் திரும்பக்கூடும். அந்த நாற்பதுகாரருக்கு ஒவ்வொரு வருகையிலும் எல்டிஹெச்சோடு லாக்டேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். காரணமில்லாமல் மூச்சு வாங்கினால் சாச்சுரேஷன் நன்றாக இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் அன்றைக்கே வரச் சொன்னோம்.